இருபத்திரண்டு பேர், ஓர் அரைப்பேர்

எங்கள் அம்மாயி, அம்மாவின் அம்மா, நாள் கணக்குச் சொல்லமாட்டார். பேர்க் கணக்குத்தான். "இந்த மாதம் இருபத்திரண்டு பேர், ஓர் அரைப்பேர்" என்பார். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு எட்டு வயது இருக்கும். இருபத்திரண்டு ஆட்கள் சரி, அந்த அரை ஆள் யார் என்று நான் கேட்கப்போய், வீடே சிரித்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாத ஒருவரை நான் வெகுநாள் மனத்தில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பேர் என்றால் ஒரு நாள் வேலை. அம்மாயி பிறந்தது இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளிகளின் வரிசை வீட்டில். அங்கே விடிவதற்கு முன் தப்புச் சத்தம் கேட்டு எழுந்து, ஆளெண்ணும் பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வருகை ஏட்டில் பெயருக்கு நேரே குறி போட்டால் அன்றைக்குப் பேர் விழுந்தது. பிந்தி வந்தால் அரைப்பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். நிறுக்கும்போது கூடைக்கும் மழை ஈரத்துக்கும் என்று கழிவு வேறு போகும். பொழுதெல்லாம் அட்டைக்கடியோடு மலையில் நின்றவளுக்கு அரை நாள் கூலி. சில நாள் அதுவும் இல்லை. "பேர் விழவில்லை" என்று அம்மாயி சொல்வதை இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வேலை நடந்திருக்கிறது. ஆனால் ஏட்டில் நடக்கவில்லை.

நான் பிழைப்புக்குக் கணக்கெழுதுகிறவன். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் இருபது வருடத்துக்கு மேலாகப் பற்று வரவு பார்த்தவன். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டாய உழைப்பைப் பற்றி யார் பேசினாலும் முதலில் சாட்டையைத்தான் சொல்வார்கள். அடி உதை இல்லாமலில்லை. அம்மாயியின் அப்பா முதுகில் துரையின் பிரம்பு பட்ட கதை எங்கள் வீட்டிலேயே உண்டு. ஆனால் எத்தனை பேரை எத்தனை நாள் அடித்து நிறுத்தி வைக்க முடியும்? நூறாண்டுக் காலம் லட்சக்கணக்கானவர்களை ஒரு மலையில் நிறுத்தி வைக்க வேறு ஏதோ வேண்டும். அந்த வேறு ஏதோ ஒரு காகிதம். அதற்குப் பெயர் துண்டு.

நம் ஊரில் துண்டு என்றால் தோளில் கிடப்பது. இலங்கைத் தோட்டத்துரைமார் இந்தச் சொல்லை அப்படியே தங்கள் ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டார்கள். துண்டுச்சீட்டு என்பதன் குறுக்கம். தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்டு, ஆள் பிடித்து வந்து வேலை வாங்கும் கங்காணியிடம் கொடுக்கும் சீட்டு அது. இன்ன கங்காணியும் அவனுடைய ஆட்களும் என் தோட்டத்துக்கு இவ்வளவு ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள். அந்தத் தொகையை யார் கட்டினாலும் இவர்களை விட்டுவிடுகிறேன் என்பதுதான் அதன் சாரம். கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த மலைக்குப் போவான். ஆள் பற்றாக்குறையில் தவிக்கிற இன்னொரு துரை பழைய கடனைக் கட்டி, மேலே கொஞ்சம் முன்பணமும் கொடுத்து, கூட்டத்தை வாங்கிக்கொள்வான். அடுத்த முறை அந்தக் கங்காணி துண்டு கேட்கும்போது அதில் தொகை கூடியிருக்கும்.

கூடிய தொகை யார் தலையில் விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது விழுந்த வழியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சுத்தமான கணக்கு வேலை.

துரை ஊருக்குப் போய் ஆள் பிடித்து வரச் சொல்லிக் கங்காணிக்கு முன்பணம் கொடுக்கிறான். அது கங்காணியின் பற்று. கங்காணி அந்தப் பணத்தில் வழிச்செலவு பார்க்கிறான், ஊரில் ஆட்களின் பழைய கடனை அடைக்கிறான், தனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறான். தோட்டத்துக்கு வந்ததும் எல்லாவற்றையும் பிரித்துத் தொழிலாளிகள் பெயரில் எழுதுகிறான். எழுதுகிற ஏடு அவனிடம். படிக்கத் தெரிந்தவனும் அவன்தான், அல்லது அவனுடைய ஆள். வெகுகாலம் வரை கூலியையும் துரை நேராகத் தொழிலாளி கையில் கொடுப்பதில்லை, கங்காணி கையில்தான். தவிர, அவனுடைய ஆட்கள் எத்தனை தலை வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்குத் தினமும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. காய்ச்சல்காரனையும் எழுப்பிப் பெரட்டுக்கு இழுத்து வருவதில் அவனுக்கு அவ்வளவு அக்கறை இருந்ததற்கு இதுவே காரணம்.

ஒரு பேச்சுக்கு, ஆணின் நாள் கூலி 33 சதம் என்று வைத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பல தோட்டங்களில் ஏறக்குறைய அவ்வளவுதான். மாதம் 24 பேர் விழுந்தால் 7 ரூபாய் 92 சதம். தோட்டம் கொடுக்கும் அரிசிக்கே பாதிக்கு மேல் பிடித்துவிடுவார்கள். மலைக்குளிருக்குக் கம்பளி வேண்டும், அதுவும் கணக்கில். வண்ணாருக்கு, நாவிதருக்கு, கோயிலுக்கு. இரண்டு ரூபாய் மிஞ்சுகிறது என்று தாராளமாகவே போடுகிறேன். ஏட்டில் கடன் 60 ரூபாய் என்றால், ஒரு நாள்கூடக் காய்ச்சல் வராமல், ஒரு பிள்ளைகூடப் பிறக்காமல், ஒரு சாவும் விழாமல் இருந்தால் முப்பது மாதத்தில் அடைபடும். அப்படியொரு முப்பது மாதம் எந்த லயத்தில் வந்தது?

இதைவிட எனக்குப் பெரிய எரிச்சல் இன்னொரு இடத்தில். 1889-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு மாதத்துக் கூலியை அந்த மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுத்தால் போதும். அதற்கு முன்பு மாதக்கணக்கில் பாக்கி நிற்பது சகஜமாக இருந்ததால், இதையே பெரிய சீர்திருத்தம் என்று சொல்லிக்கொண்டார்கள். அப்படியானால் எந்த நேரத்திலும் தோட்டம் தொழிலாளிக்கு இரண்டு மூன்று மாதக் கூலி தர வேண்டியிருந்தது. அதுவும் கடன்தானே? கம்பெனிக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்து வைத்திருக்கிற ஆள், அதே கம்பெனியின் கடனாளி என்று மலையை விட்டு இறங்க முடியாமல் நிற்கிறான். எங்கள் சங்கத்தில் எந்தத் தணிக்கையாளரும் இந்த ஐந்தொகையில் கையெழுத்துப் போடமாட்டார். அவனுடைய கடனுக்குத் துண்டு உண்டு, மலை மலையாகப் போய் அது காசாகும். தோட்டத்தின் கடனுக்கு அப்படியொரு சீட்டும் இல்லை. 1869-இல் கோப்பியில், அதாவது காப்பிச் செடியில், இலைத்துரு நோய் தொற்றி, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொடித்தபோது பலருடைய பல மாதக் கூலி மண்ணோடு போயிற்று. அதற்குப் பிறகுதான் தோட்டத்துச் சொத்தின்மேல் கூலி பாக்கிக்கே முதல் உரிமை என்று சட்டம் வந்தது.

இத்தனைக்கும் இவர்கள் அடிமைகள் அல்லர், ஒப்பந்தக் கூலிகளும் அல்லர். மொரீஷியசுக்கும் பிஜிக்கும் போனவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறினார்கள். இலங்கைக்குப் போனவர்கள் மாதச் சம்பளக்காரர்கள், முன்கூட்டிச் சொல்லிவிட்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று துரைமார் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். 1865-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சொல்லாமல் போனால் சிறை என்பதும் அதே சட்டம்தான். துண்டில்லாமல் முன்கூட்டிச் சொன்னவனை எந்தத் தோட்டம் எடுக்கும்? சொல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர்களுடைய சுதந்திரம் இருந்தது.

இந்த ஏற்பாடு வருவதற்கு முன்னாலும் அந்தத் தீவில் கட்டாய உழைப்பு உண்டு. ராஜகாரியம் என்பார்கள். நிலத்தை அனுபவிப்பதற்கு ஈடாக அரசனுக்கு உழைத்துக் கொடுப்பது. யாருக்கு என்ன வேலை என்பது சாதிப்படி. 1815-இல் கண்டி விழுந்த பிறகு ஆங்கிலேயர் அரசன் இடத்தில் தாங்கள் உட்கார்ந்துகொண்டு அதையே வாங்கினார்கள். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் போட்ட கொழும்பு-கண்டிச் சாலை அந்த உழைப்பில் போட்டதுதான். 1832-இல் ராஜகாரியத்தை ஒழித்தார்கள். மனிதாபிமானம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆட்களைக் கூலிச் சந்தைக்கு அவிழ்த்துவிட வேண்டும் என்ற எண்ணமும் அதில் சேர்ந்தே இருந்தது. 1840-இல் பத்திரம் காட்ட முடியாத காடும், காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனை நிலமும் அரசுக்குச் சொந்தம் என்று ஒரு சட்டம். ஏக்கர் 5 ஷில்லிங். வாங்கியவர்களில் ஆளுநரும் நீதிபதிகளும் அதிகாரிகளும் அடக்கம். அப்படியும் கண்டிக் குடியானவர்கள் தோட்டக் கூலிக்கு வரவில்லை. கையில் கொஞ்சம் வயல் இருக்கிறவன் எதற்கு வருவான்? சோம்பேறிகள் என்று அவர்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். அந்தப் பழியை இன்றைக்கும் திருப்பிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

1848-இல் இன்னொரு வேடிக்கை. ஒழித்த ராஜகாரியம் சாலைச் சட்டம் என்ற பெயரில் திரும்பி வந்தது. 18 முதல் 55 வயது வரை உள்ள ஆண்கள் வருடத்துக்கு ஆறு நாள் சாலை வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 3 ஷில்லிங் கட்ட வேண்டும். அதே ஆண்டு மாத்தளையில் கிளர்ச்சி வெடித்ததற்கு இதுவும் மற்ற வரிகளும் காரணம். கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். இந்தப் பக்கம் சென்னை மாகாணத்திலும், ஏரிக்கரை உடைந்தால் ஊர்க்காரர்களை வேலைக்கு வரக் கட்டாயப்படுத்தலாம் என்று 1858-இல் ஒரு சட்டம் போட்டார்கள். கூலிச் சந்தையின் சுதந்திரம் பற்றி அவர்கள் பேசியதையெல்லாம் இவற்றை வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

ஆக, வயல் இல்லாதவன் வேண்டும். அவன் கடல் தாண்டி இருந்தான்.

திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம். அம்மாயியின் பாட்டனார் துறையூருக்குப் பக்கத்திலிருந்து போனவர் என்பது வீட்டுச் செவிவழி. அங்கே பண்ணையாள். 1843-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் அடிமை என்று யாரையும் கோர்ட்டில் உரிமை கொண்டாட முடியாது. பண்ணையாரிடம் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்குத் தலைமுறை தலைமுறையாக உழைக்கலாம், அதற்குத் தடையில்லை. போனவர்களில் பெரும்பங்கினர் தாழ்த்தப்பட்ட சாதிக்காரர்கள் என்பதையும் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். கோட்டும் தலைப்பாகையும் குடையுமாக ஊருக்குள் வந்து நின்ற கங்காணி பண்ணைக் கடனை அடைத்துவிட்டான் என்றால், அது அந்தக் குடும்பத்துக்கு விடுதலையாகத்தான் தெரிந்திருக்கும். தாது வருஷப் பஞ்சத்தில் செத்தவர்களைப் பார்த்தவர்களுக்கு மலையில் மாதாமாதம் அரிசி என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும்? அவர்கள் ஏமாந்தார்கள் என்று மட்டும் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. ஒரு கடனிலிருந்து இன்னொரு கடனுக்குக் கணக்குப் பார்த்துத்தான் மாறியிருக்கிறார்கள். இரண்டாவது ஏட்டைப் படிக்க முடியாமல் போனது அவர்களுடைய தப்பா?

கங்காணியையும் வெறும் வில்லனாக்க மாட்டேன். அவன் பெரும்பாலும் சொந்தக்காரன், ஊர்க்காரன். சில்லறைக் கங்காணிகள் என்று அவனுக்குக் கீழே பத்து இருபது பேரை வைத்திருந்தவர்கள் அநேகமாக மாமனோ சித்தப்பனோதான். நோய்க்கும் சாவுக்கும் வந்து நிற்பவனும் அவனே. மேலே பார்த்தால் துரையும் கடன்காரன். கொழும்பில் இருந்த ஏஜென்சி கம்பெனிக்கு அவன் கட்ட வேண்டும், அந்தக் கம்பெனி லண்டனுக்குக் கட்ட வேண்டும். கடன் மேலிருந்து கீழே படி படியாக இறங்கி வந்தது. கடைசிப் படியில் நின்றவனுக்குத் தள்ளிவிட இடமில்லை.

போன வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், பலர் எழுதியதுதான். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வாந்திபேதியில் வழியெல்லாம் விழுந்தார்கள். 1901 முதல் தகரத் துண்டு வந்தது. தோட்டத்தின் பெயரும் எண்ணும் பொறித்த சின்னத் தகரம், கழுத்தில் கயிற்றில் தொங்கும். அது இருந்தால் வழியில் யாரும் காசு கேட்கமாட்டார்கள், சாமான் அனுப்புவதைப்போல நேரே தோட்டத்துக்குப் போய்ச் சேரலாம். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறி, அங்கிருந்து கங்காணி கணக்கில் இறங்கி, அங்கிருந்து கழுத்தில் தகரம் போட்டிருந்தவள் கணக்கில் வந்து நிற்கும். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் வந்த பிறகு நடை போயிற்று. மண்டபம் என்ற ஊரில் ஆட்களைத் தங்கவைக்கும் முகாம் வந்தது. அம்மாயியின் அம்மா கழுத்தில் அந்தத் தகரம் கிடந்ததாம். பிறகு அதை வைத்து என்ன செய்தார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "எலி ஓட்டையை அடைத்தார்கள்" என்றார். காம்பராவில் எலித் தொல்லை அதிகமாம்.

காம்பரா என்றதும் ஞாபகம் வருகிறது. லயத்து அறைக்கு அதுதான் பெயர், போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். அறைக்கு முன்னால் இருக்கும் ஒட்டுத் திண்ணை இஸ்தோப்பு, டச்சுக்காரர்களுடையது. லயம் ஆங்கிலேயருடையது. பத்துக்குப் பன்னிரண்டு அடி வீட்டில் மூன்று ஐரோப்பிய அரசுகளும் குடியிருந்தன. அவர்களும் சேர்ந்தே இருந்ததால்தான் இடம் பற்றவில்லைபோலும்.

அந்தக் காகிதத் துண்டை ஒழித்தது 1921-ஆம் ஆண்டுச் சட்டம். இந்தியாவில் வந்த எதிர்ப்பும், ஆள் ஏற்றுமதியையே நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் அதற்குப் பின்னால் இருந்தன. வேலையை விட்டுப் போனால் சிறை என்பதும் அதையொட்டியே போனது. 1929-இல் குறைந்தபட்சக் கூலி வந்தது. உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைகளுக்கு 32. கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள், தேயிலையில் காசு பார்க்கும் வேலையே அதுதான், கூலியில் மட்டும் 11 சதம் குறைவு. அந்த வித்தியாசம் போக 1984 ஆயிற்று. அதற்குள் அம்மாயி இந்தியா வந்து பத்து வருடம் தாண்டிவிட்டது. அங்கே இருந்த காலமெல்லாம் அவருடைய சம்பளத்தையும் தாத்தாதான் வரிசையில் நின்று வாங்கினாராம். "நான் எவ்வளவு சம்பாதித்தேன் என்று அவருக்குத்தான் தெரியும்" என்று ஒருநாள் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்.

துண்டு போன இடத்தில் பற்றுச்சீட்டு வந்தது. லயத்துப் பேச்சில் பத்துச்சீட்டு. வேலையிலிருந்து விடுவித்ததற்கான சான்று. அது இல்லாவிட்டால் இன்னொரு தோட்டத்தில் நுழைய முடியாது. துரைக்குப் பிடிக்காதவனுக்குக் கொடுக்காமல் இழுத்தடிக்கலாம், வேண்டாதவன் கையில் திணித்து லயத்தைக் காலி செய்யச் சொல்லலாம். வெளியாள் தோட்டத்துக்குள் காலெடுத்து வைத்தால் அத்துமீறல் என்று பிடிப்பார்கள். தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனது அதனால்தான். பிறகு அவர் தொழிலாளர் சங்கம் கட்டினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். பத்துச்சீட்டு என்ற சொல் அம்மாயியின் பேச்சில் கடைசி வரைக்கும் இருந்தது. என் மாமா ஒரு வேலையை விட்டு நின்றபோது, "பத்துச்சீட்டு கொடுத்துவிட்டார்களா?" என்றுதான் கேட்டார்.

1948-இல் தோட்டத் தமிழர்களின் குடியுரிமை போயிற்று. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதிக்குப் பிறகு பார்ப்போம் என்று. இந்த எண்களில் 'பேர்' என்றால் உண்மையிலேயே ஆட்கள். அம்மாயி குடும்பம் 1973-இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் கிடந்து, கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தது. மறுபடியும் தேயிலை. மறுபடியும் கொழுந்துக் கூடை. அம்மா பத்தாம் வகுப்பு வரை படித்தார். நான் கணக்கெழுத வந்தேன்.

2003 என்று நினைக்கிறேன். மகளிர் குழு ஒன்றில் அம்மாயியையும் சேர்த்து, நான் வேலை பார்த்த சங்கத்திலேயே கடன் ஏற்பாடு செய்தார்கள். ஆளுக்கு நாலாயிரம், ஒரு கறவை மாட்டில் பங்கு. பத்திரத்தை நானே வீட்டுக்குக் கொண்டுபோனேன். இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார்; இங்கே கட்டிய வீட்டுத் திண்ணைக்கும் அவருக்கு அதுதான் பெயர். முழுதும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தரம் என்றார். எழுபத்தேழு வயதுக் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"போகக்கூடாது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?"

"எங்கே போகக்கூடாது?"

"இந்த ஊரை விட்டு."

அப்படியெல்லாம் எழுதமாட்டார்கள் அம்மாயி, காலம் மாறிவிட்டது என்றேன். மைப்பெட்டியைத் திறந்து வைத்தேன். கட்டைவிரலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தாக இருக்கிறதே, அதையும் படி என்றார். படித்தேன். கடன் முடியும்வரை உறுப்பினர் குடியிருப்பு மாறினால் முன்கூட்டியே சங்கத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து அனுமதி பெற வேண்டும்.

எல்லாப் பத்திரத்திலும் இருக்கிற வரி அது. இருபது வருடமாக நான் ஆயிரம் பேருக்கு அதைக் காட்டாமலே கைநாட்டு வாங்கியிருக்கிறேன். அம்மாயி விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார், மை படாத விரலை. மாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.